அலுமினியப் பந்தக்கால்

மகளின் கல்யாணத்துக்காக வீட்டின் பின்புறத்தில் ஒரு அலுமினியப் பெர்கோலா போடலாம் என்று முடிவெடுத்தது நான்தான். அதை நானே தூக்கி நிறுத்த வேண்டியிருக்கும் என்று அப்போது எனக்கு யாரும் சொல்லவில்லை.

பெர்கோலா என்றால் பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. நான்கு தூண், அவற்றின் மேல் நான்கு உத்திரம், நடுவில் திறந்து மூடுகிற தகடுகள். நம் ஊர்ப் பந்தல்தான். கீற்றுக்குப் பதில் அலுமினியம், கயிற்றுக்குப் பதில் போல்ட். டெக்சஸில் நாங்கள் இருக்கும் கேட்டியில் அக்டோபரிலும் வெயில் மண்டையைப் பிளக்கும். அறுபது பேரை வெறும் புல்தரையில் உட்கார வைத்தால் கல்யாணச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே பாதிப் பேர் மயங்கி விழுவார்கள். மகளோ மண்டபமே வேண்டாம், வீட்டில்தான் கல்யாணம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். வீட்டு உரிமையாளர் சங்கத்துக்கு அனுமதி கேட்டு எழுதிப் போட்டேன். அவர்கள் நிறத்தைப் பார்த்து, உயரத்தைப் பார்த்து, பக்கத்து வீட்டு வேலியிலிருந்து எத்தனை அடி என்று பார்த்து, ஒருவழியாகச் சரி என்றார்கள்.

பெட்டிகள் வந்து இறங்கின. பொருத்திக் கொடுக்க ஆட்கள் எப்போது வருவார்கள் என்று கேட்டால், கல்யாணம் முடிந்த ஒன்பதாம் நாள் வருவார்களாம். நான் போனில் போட்ட சத்தத்தில் மாடியில் மீட்டிங்கில் இருந்த மகள் கீழே ஓடி வந்துவிட்டாள்.

"அம்மா, காம் டவுன்" என்றாள்.

நான் காம் டவுன் ஆகவில்லை. அந்தக் கோபத்தோடேயே கராஜுக்குப் போய்ப் பெட்டிகளைப் பிரித்துவிட்டேன். கோபம் வந்தால் ஏதாவது ஒன்றைப் பிரித்துப் போடுவது என் வழக்கம். பிரித்த பிறகுதான் தெரிந்தது, திரும்பப் பெட்டிக்குள் வைக்கவே முடியாது என்று.

எனக்கு வேலை ஆஸ்பத்திரி மருந்தகத்தில். ஒரு லேபிளை மூன்று முறை படிக்காமல் எதையும் கையில் எடுக்க மாட்டேன். அந்தப் புத்தியைத்தான் இங்கேயும் பயன்படுத்தினேன். காரை வெளியே வெயிலில் நிறுத்திவிட்டு, கராஜ் தரை முழுக்கப் பழைய போர்வைகளை விரித்து, சாமான்களை வரிசையாகப் படுக்க வைத்தேன். கையேட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆங்கில எழுத்து போட்டிருந்தான். எழுத்தைப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஏறவில்லை. ஒட்டும் காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன்: தூண், உத்திரம், குறுக்குச் சட்டம், தகடு, மூடி. மாப்பிள்ளைப் பையன் சனிக்கிழமை ஒருநாள் உதவ வந்தவன், அந்த எழுத்துகளைப் படிக்கத் தெரியாமல் அப்படியே நின்றான். ஊர் சேலம்தான், பிறந்தது சான் ஹோசே. பாவம், நான் சொல்லச் சொல்ல ஸ்க்ரூக்களை எண்ணி டப்பாக்களில் போட்டுக் கொடுத்தான்.

பெட்டியைப் பிரித்த மூன்று வாரத்தில் பெர்கோலாவைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்று ஆகிவிட்டது. தூண் கட்டையில்லை, உள்ளே வெறும் கூடு. மேல்முனைக்குள் ஒரு கவ்வியை வைத்துப் பற்ற வைத்திருக்கிறார்கள். உத்திரம் வந்து உட்காருவது அதன் மேல்தான். கீழ்முனை திறந்திருக்கும். கான்கிரீட் தரையில் அடித்தட்டு என்று ஒன்றை முதலில் போல்ட் போட்டு இறுக்கிவிட வேண்டும், அதில் முழங்கால் உயரத்துக்கு ஒரு முளை நிற்கும். தூணைத் தூக்கி அந்த முளைக்கு மேல் தொப்பி மாதிரி இறக்கினால் நின்றுவிடும். பிறகு பக்கவாட்டில் இரண்டு போல்ட். தெரிந்த எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவர் வந்து கான்கிரீட்டில் துளை போட்டு நான்கு அடித்தட்டையும் இறுக்கிக் கொடுத்துவிட்டுப் போனார். அது ஒன்றைத்தான் நான் செய்யவில்லை.

நான்கு தூணில் ஒன்று மட்டும் தனி. உத்திரங்களுக்குள்ளேயே மழைத் தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் இருக்கிறது. அந்தத் தண்ணீர் எல்லாம் இந்த ஒரு தூணுக்குள் இறங்கி, அடியில் ஒரு சாண் உயரத்தில் இருக்கும் துவாரம் வழியாக வெளியே வரும். எங்கள் வீட்டில் தரை வடகிழக்காகச் சரிகிறது. அதனால் அந்தத் தூண் நிற்க வேண்டிய இடம் ஈசானிய மூலை. இதை நான் பெருமையாகப் போனில் சொன்னதுதான் வினையாகப் போயிற்று.

சொன்னது என் ஓரகத்தியிடம். கணவரின் அண்ணன் மனைவி, நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறார், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷி. என் கணவர் இறந்தபோது வேலையை விட்டுவிட்டு வந்து ஆறு வாரம் என்னுடன் இருந்தவர். அதனால் அவர் மேல் எனக்குக் கோபப்படவும் வழியில்லை.

"ஈசானிய மூலைன்னா அதையே பந்தக்காலா வெச்சிடலாமே" என்றார். "இங்க பச்சை மூங்கிலுக்கு எங்க போறது? போன வருஷம் இங்க ஒரு கல்யாணத்துல பக்கெட்ல மண்ணைப் போட்டு ஒரு குச்சியை நட்டாங்க. பாக்கவே சகிக்கல. இது ஜம்முனு நிக்கும்."

"நல்ல யோசனைக்கா" என்றேன்.

"நீ ஒண்ணையும் இழுத்துப் போட்டுக்காத. நான் ரெண்டு நாள் முன்னாடியே வந்துடறேன். அஞ்சு சுமங்கலிங்க இருந்தா முடிஞ்சுது. உன் ஃபிரண்ட்ஸ் நாலு பேரை வரச் சொல்லிடு."

சரிக்கா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். ஐந்தில் அவர் ஒன்று, என் தோழிகள் நால்வர். நான் இல்லை. கணவர் போய் நான்கு வருடம் ஆகிறது. மாதாமாதம் என் வீட்டுச் சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே இரண்டு முறை ஊற்றிக்கொள்கிற என் தோழிகள் ஒரே போனில் சுமங்கலிகள் ஆகிவிட்டார்கள், நான் அவர்களைக் கூப்பிடுகிறவள் ஆகிவிட்டேன்.

யாரும் என்னை வராதே என்று சொல்லவில்லை. அதுதான் எரிச்சல். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது நன்றாக வரும். இது நானே ஒதுங்கிக்கொண்டது. என் பெண் கல்யாணத்துக்கு நடுகிற முதல் காலில் என் கை படாது என்பதை நானே சரிக்கா என்று சொல்லி முடித்துவிட்டேன். மனதுக்குள் ஒரு பயமும் இருந்தது. நாளைக்கு அந்தப் பிள்ளைகளுக்குள் ஒரு சின்னச் சண்டை வந்தால்கூட, நான் தொட்டதால்தானோ என்று முதலில் நினைக்கப் போவது நானாகத்தான் இருக்கும். படித்தவள், மருந்தகத்தில் வேலை பார்ப்பவள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உண்மை அதுதான்.

பந்தக்கால் நடுகிற சனிக்கிழமை காலை ஒன்பது இருபதிலிருந்து ஒன்பதே முக்கால் வரை நல்ல நேரம். ஆண்கள் இருவரும், அதாவது கணவரின் அண்ணனும் மாப்பிள்ளையும், சம்பந்தி வீட்டாரை அழைத்துவர விமான நிலையம் போயிருந்தார்கள். நான் சமையலறையில் சிங்க்கைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து பேரும் பட்டுப் புடவையில் தூணைப் புல்தரையில் கிடத்தி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்தார்கள். ஒரு தோழி தன் வீட்டுத் தொட்டி மாமரத்திலிருந்து கொத்தாக இலை கொண்டுவந்திருந்தாள். அதை எங்கே கட்டுவது என்று பார்த்தார்கள். ஜன்னல் திறந்திருந்ததால் பேச்சு நன்றாகக் கேட்டது.

"அக்கா, இங்க ஒரு ஓட்டை இருக்கே?"

"கட்டறதுக்குத்தான் வெச்சிருப்பான். கயித்தை அதுல விட்டு இழு."

தண்ணீர் வெளியே வரும் துவாரத்தில் மஞ்சள் கயிற்றை விட்டு, மாவிலையையும் நவதானிய முடிச்சையும் அழகாகக் கட்டிவிட்டார்கள். கட்டிய பக்கம்தானே மேலே போகும்! தூணைத் தூக்கி நிறுத்தினார்கள். என் மூன்று வார உழைப்பு தலைகீழாக எழுந்து நின்றது.

அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பொறுத்துக்கொண்டேன். கவ்வி இருக்கிற முனை முளைக்கு மேல் எப்படி இறங்கும்? டங் என்று இடித்தது. ஐந்து பேரும் திருப்பிப் பார்த்தார்கள், தூக்கிப் பார்த்தார்கள். ஒன்பதடித் தூண் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது.

"ஓட்டை சின்னதாப் போச்சுக்கா."

"நாலு தட்டு தட்டினா இறங்கிடும்" என்ற ஓரகத்தி, ஓரமாகப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த என் மகளைப் பார்த்து, "சுத்தி இருந்தா எடுத்துட்டு வாம்மா" என்றார். மகள் கராஜுக்கு ஓடினாள்.

சுத்தியா! நாலு தட்டு தட்டினால் கவ்வி வளைந்துவிடும், கவ்வி வளைந்தால் உத்திரம் உட்காராது, உத்திரம் உட்காராவிட்டால் பெர்கோலாவே கிடையாது. அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. பின்கதவைத் தள்ளிக்கொண்டு வெறுங்காலோடு ஓடினேன்.

"அக்கா, அடிக்காதீங்க! தலைகீழா நிக்குது!"

ஓடின வேகத்தில் சாய்ந்துகொண்டிருந்த தூணை இரண்டு கையாலும் பிடித்துவிட்டேன். பிடித்த பிறகுதான் உறைத்தது. உள்ளங்கை முழுக்க ஈர மஞ்சள். தோழிகள் நால்வரும் என்னைப் பார்க்காமல் என் ஓரகத்தியைப் பார்த்தார்கள். அவர் என் கையைப் பார்த்தார். விட்டுவிடலாம் என்றால் தூண் ஒரு தோழியின் தலையில் விழும்.

"இன்னும் ஒம்பது நிமிஷம்தான் இருக்கு" என்றார் ஓரகத்தி. "வாயைப் பாத்துட்டு நிக்காத. என்ன பண்ணணும், சொல்லு."

நான் சொன்னேன். சொல்லச் சொன்னால் என்னிடம் இரண்டு தடவை கேட்க வேண்டுமா? தூணைப் படுக்க வைக்கச் சொன்னேன், மாவிலையை அவிழ்த்து எதிர்முனையில் கட்டச் சொன்னேன், புடவைத் தலைப்பை எல்லோரும் இடுப்பில் செருகச் சொன்னேன். துவாரம் வெளிப்பக்கம் பார்த்து இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் மணமேடைக்குத்தான் வரும். அது எந்தப் பக்கம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் அவர்கள் தூக்க, அடிமுனையை நான் பிடித்து முளைக்கு நேராகக் கொண்டுவந்தேன். "இறக்குங்க, மெதுவா, இன்னும், இன்னும்" என்றேன். சரசரவென்று இறங்கி உட்கார்ந்தது. முட்டி போட்டு இரண்டு போல்ட்டையும் திருகி இறுக்கினேன். மட்டக்கோலை வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது.

ஒருத்தி பால் சொம்பை எடுத்துக் கொடுத்தாள். ஓரகத்தி முதலில் ஊற்றினார், பிறகு தோழிகள் ஒவ்வொருவராக. கடைசியில் சொம்பு என் பக்கம் வந்தது. மற்றவர்களிடம் எப்படி நீட்டினாரோ அப்படியே ஓரகத்தி என்னிடமும் நீட்டினார். மஞ்சள் கையால் வாங்கி ஊற்றினேன். அப்பாடா என்று இருந்தது. நான்கு வருடமாகத் தூக்கிக்கொண்டு அலைந்த ஒன்றை எங்கோ இறக்கி வைத்துவிட்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

அப்போதுதான் மகள் கையில் சுத்தியோடு வந்து சேர்ந்தாள். நிற்கிற தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பெரியம்மா முன்னால் மட்டும் அவள் தமிழில் பேசப் பார்ப்பாள்.

"அம்மா, நீதானே எல்லாம் தெரிஞ்சவ? நீ ஏன் ஃபர்ஸ்ட்டே வரல? உள்ள என்ன பண்ணின?"

வேண்டுமென்று கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை. இருபத்தேழு வருடம் இந்த வீட்டில் வளர்ந்தவளுக்கு, அவள் அம்மா எதற்காக உள்ளே நின்றாள் என்பது தெரியவில்லை. அதை நான் அவளுக்குச் சொல்லித் தந்ததே இல்லை. நானும் ஓரகத்தியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"அம்மா எல்லாருக்கும் காபி போட்டுட்டு இருந்தாங்க" என்றார் ஓரகத்தி.

"ஓ, நைஸ்" என்று மகள் உள்ளே போனாள். ஒரு நிமிடத்தில் ஜன்னலில் தலை தெரிந்தது. "காபி எங்க? அடுப்பே ஆன் பண்ணல?"

தோழிகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். நான் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தேன். ஓரகத்தி என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீ எங்க போற? காபியை நான் போடறேன். நீ அடுத்த காலைப் பாரு."

அவர் சமையலறைக்குப் போனார். நான் தோழிகளைக் கூட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன்.