எட்டு நிரை தள்ளி ஒரு சிறுத்தை

கமராக் கடைக்கு வருகிறவர்கள் எதைக் கேட்க மறந்தாலும் "இது எவ்வளவு தூரம் இழுக்கும்?" என்று, அதாவது தூரத்தில் நிற்பதை எவ்வளவு பெரிதாகக் காட்டும் என்று, கேட்க மறப்பதில்லை. கண்டியில் இருபது வருடமாகக் கவுண்டருக்குப் பின்னால் நிற்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அந்தக் கேள்விக்கு இன்னும் நல்ல பதில் என்னிடம் இல்லை. கமரா வாங்கப் போய்க் குழம்பித் திரும்பியவர்களே, உள்ளே நின்றவனும் உங்களைவிடத் தெளிவாக இருக்கவில்லை என்பதைச் சொல்லி ஆறுதல்படுத்தவே இதை எழுதுகிறேன்.

ஆர் காவுறது?

பேராதனையிலிருந்து ஒரு விரிவுரையாளரும் மனைவியும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக்காரர்கள். நக்கிள்ஸ் மலைக்கு நடந்து போய்ப் பறவைகளைப் படம் எடுக்க வேண்டுமாம். அறுபது மடங்கு இழுக்கும் கமராவை எடுத்து வைத்தேன். அவர் முகம் மலர்ந்தது. மனைவி அதைக் கையில் தூக்கிப் பார்த்தார். "உதை ஆர் காவுறது?" என்றார். "நான்தான் தூக்குவன்" என்றார் விரிவுரையாளர். "போனமுறை சாப்பாட்டுப் பையையே நான்தானே காவினனான்" என்றார் மனைவி.

பிறகு விரிவுரையாளர் என்னைக் கேட்டார்: "நீங்கள் மலைக்குப் போனால் எதைக் கொண்டு போவியள்?" நான் எந்த மலைக்கும் போனதில்லை. கண்டிக்கு மேலே நிற்கும் ஹந்தானையைக்கூட பஸ் ஸ்டாண்டில் நின்று பார்த்ததோடு சரி. அதைச் சொல்லியிருக்கலாம். "இதைத்தான், சேர்" என்றேன். அந்த அம்மா என்னை நிதானமாகப் பார்த்தார். "அண்ணை, குருவியைப் பாத்தே சொல்லுறியள், இல்லாட்டி இவரின்ரை முகத்தைப் பாத்தே?"

எட்டு நிரை

அடுத்த மாதம் ஹேவாஹெட்டப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து செல்வராசு என்பவர் வந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு காட்டுக்குள் நடப்பவர். மேலே ஏறும் வழியில், அவர் மனைவி கொழுந்து பறிக்கும் ஏழாம் நம்பர் மலையின் ஓரத்தில், இரண்டு தடவை சிறுத்தையைக் கண்டிருக்கிறார். தோட்டத்து ஆபீசில் சொன்னால், காட்டுப்பூனையாக இருக்கும், படம் இருந்தால் கொண்டு வா என்கிறார்கள். படம் வரும்வரை பெண்கள் அதே மலைக்குத்தான் ஏற வேண்டும்.

"எவ்வளவு தூரத்தில் நின்றது?" என்றேன். "ஒரு எட்டு நிரை இருக்கும்ணே."

நிரை என்பது தேயிலை வரிசை என்று தெரியும். அது எப்படி ஒரு அளவாகும் என்று தெரியாது. என் அப்பா தோட்டத்தில் பிறந்தவர். நான் டவுனில் வளர்ந்தவன். தோட்டத்து ஆள் ஒருவரிடம் போய் நிரை என்றால் என்ன என்று கேட்க வெட்கமாக இருந்தது. ஒரு வரிசை மலையடியிலிருந்து உச்சிவரை ஓடும் என்று வைத்து, அதை எட்டால் பெருக்கினேன். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். கடையிலேயே பெரிய கமராவைக் கொடுத்து, "கடைசிவரை இழுத்து எடுங்க" என்றும் சொல்லி அனுப்பினேன்.

என் கணக்கைக் கேட்ட முதலாளி, அலவத்துகொடக்காரர், சிரித்தார். "ஒரு கிலோமீட்டர்ல நிக்கிற சிறுத்தைக்குப் பயந்தா, கண்டி டவுன்ல ஒருத்தருக்கும் ரோட்டுக்கு வர ஏலாதே!"

மஞ்சள் சட்டை

இரண்டு வாரத்தில் செல்வராசு திரும்பி வந்தார். கமராத் திரை முழுக்க மஞ்சள் நிறம், அதில் கறுப்புப் புள்ளிகள். தலையும் இல்லை, வாலும் இல்லை. ஆபீசில் காட்டியிருக்கிறார். தோட்ட மனேஜர் பெரிய துரை பார்த்துவிட்டு, இது யாருடைய சட்டை என்று கேட்டாராம்.

"அவ்வளவு கிட்ட வந்ததா?" என்றேன் பதறி. "கிட்ட வரலண்ணே. அதே எட்டு நிரைதான். நீங்க சொன்ன மாதிரி கடைசிவரைக்கும் இழுத்தேன்." கவுண்டர்க் கண்ணாடியில் விரலால் பக்கம் பக்கமாக எட்டுக் கோடு போட்டார். நிரையைக் குறுக்கே எண்ண வேண்டுமாம். ஒன்றுக்கு நாலடி. சிறுத்தை நின்றது முப்பத்திரண்டு அடியில்!

பிழை என்னுடையது என்று சொல்ல வாயெடுத்தேன். "இழுக்காமல் எடுங்க" என்றுதான் வந்தது. அவர் கமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார்: "அண்ணே, நீங்க எந்தத் தோட்டம்?"

இழுக்காத படம்

அவர் போன பிறகுதான் எனக்குப் பயம் பிடித்தது. இழுக்காமல் எடு என்றால், கிட்டப் போய் எடு என்று அவர் விளங்கிக்கொண்டால்? அவருக்குப் போன் எடுத்தேன், தோட்டத்துப் பக்கம் சிக்னல் இல்லை. அடுத்த பத்து நாளும், வாடிக்கையாளர்கள் எதைக் கேட்டாலும் எதையோ எடுத்துக் கொடுத்தேன். பற்றரி கேட்டவருக்கு ஒரு பையைக் கொடுத்ததாக முதலாளி சொன்னார்.

பதினோராம் நாள் செல்வராசு தன் மனைவி மகேஸ்வரியோடு வந்தார். இருவரும் முழுசாக இருந்தார்கள். கிட்டப் போகவில்லையாம், பாதையில் நின்றே எடுத்தாராம். படத்தில் பனி, தேயிலை, ஏழு என்று எழுதிய பலகை. பலகைக்குப் பக்கத்தில் கட்டைவிரல் அளவில் ஒரு சிறுத்தை உட்கார்ந்து இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. பூனை என்றோ வேறு இடம் என்றோ ஆபீசில் யாராலும் சொல்ல முடியவில்லை. மறுநாளே பெண்களைக் கீழ்மலைக்கு மாற்றிவிட்டார்கள்.

"இப்போது நிம்மதிதானே?" என்று மகேஸ்வரியிடம் கேட்டேன். அவர் கமராவைக் கவுண்டரில் வைத்து என் பக்கம் தள்ளினார். "என்னா நிம்மதி? நாங்க கீழ வந்துட்டோம், இவரு லீவு நாளெல்லாம் அது மூஞ்சியப் பெருசா எடுக்கணும்னு மேல போறாரு. இவர மேல இழுக்காத கமரா ஒண்ணு இருந்தா குடுங்கண்ணே!"

விற்ற கமரா பிழை, சொன்ன யோசனை அரைகுறை, வந்த படம் மட்டும் சரி. இதில் என் பங்கு எது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியாது.