மருந்து டின் கழுவிய ஆறு

தானா ராத்தா ஊர்க் கடையில் பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறியதும் எங்கள் தோட்டத்தில் கணக்கெழுதிய கிராணியின் நினைவு வந்தது. மலாயா அவசரகாலத்தில், காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகாதபடி எங்கள் லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டு அரிசியை அளந்து கொடுத்த நாட்களில், கம்பியோரம் ஓடிய ஆற்று மீன்தான் எங்களுக்குக் கறி. அந்த ஆற்றில்தான் தேயிலைக்கு மருந்தடித்த டின்களை அந்தக் கிராணி சாயங்காலந்தோறும் எங்களைக் கழுவ வைத்தான். செதில் உதிர்ந்து புண்ணோடு மீன்கள் மிதந்ததும், “கம்யூனிஸ்டுகாரன் விஷம் கலந்துட்டான்” என்றான்.

அம்மா நம்பியது மருந்து என்ற சொல்லை. “விஷமெல்லாம் இல்ல, நாம கழுவுனது மருந்துதானே லா” என்று, சிரங்கு வந்த தம்பியை அந்தத் தண்ணீரிலேயே முக்கி முக்கிக் குளிப்பாட்டினாள். மீனுக்கு வந்த புண் தம்பியின் முதுகிலும் வெடித்தது.

“என்ன மருந்தும்மா வேணும்?” என்றான் கடைக்காரன்.

“மருந்துன்னு சொல்லாத, விஷம்னு சொல்லுடா” என்றேன்.