சரஸ்வதிக்கு வைத்த கணக்கியல் புத்தகங்கள்

சிடாம் கிரிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் மெதுவாக நகரும். ஆண்டுக் கடைசி மழைக்காலத்தில் இன்னும் மெதுவாக. செம்பனை வரிசைகளின் மேல் பனி இறங்கியிருக்கும். ஜெராய் மலை அங்கேதான் இருக்கிறதா, இல்லை எழுந்து எங்காவது போய்விட்டதா என்று சொல்ல முடியாதபடி மலையும் வானமும் ஒரே நிறத்தில் இருக்கும். மண்டபத்துக்குள் சாம்பிராணி வாசமும் ஈரத் தரை வாசமும். நீளமான பிளாஸ்டிக் மேசைகளில் பதினைந்து வயதுப் படிவம் மூன்று பிள்ளைகள் பாதித் தூக்கத்தில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருப்பார்கள்.

அடுத்த ஆண்டு படிவம் நான்கில் என்ன பாடங்கள் எடுப்பது, அந்தப் பாடங்கள் பள்ளி முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வுக்குப் பிறகு எங்கே கொண்டுபோய் விடும் என்று அவர்களோடு பேசத்தான் நான் அங்கே போகிறேன். வார நாள்களில் கூலிமில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். அங்கே பழகிய பழக்கம் இங்கேயும் வந்துவிட்டது. வெள்ளைப் பலகையில் மூன்று பத்திகள் போடுவேன். தெரிந்தவை, தெரியாதவை, பிறகு மாற்ற முடியாதவை. முதல் இரண்டு பத்திகளைப் பற்றி நான் அதிகம் கவலைப்படுவதில்லை. மூன்றாவதற்காகத்தான் வாராவாரம் அவ்வளவு தூரம் கார் ஓட்டுகிறேன்.

ஒரு ஞாயிறு நான் கேட்ட கேள்வி எளிமையானது. "நேரம் போறதே தெரியாம எதைப் பாத்துக்கிட்டு இருப்பீங்க?"

"டிக்டாக்லா, அக்கா," என்றான் ஒருவன். மண்டபமே சிரித்தது.

"அதுல வேலை இருக்கா அக்கா?"

"இருக்கு. வீடியோ எடுக்கிறவன், வெட்டி ஒட்டுறவன், அந்த ஆப்பையே எழுதுறவன். நீ எந்த ஆளு?"

"நான் பாக்குற ஆளு."

இன்னொரு சிரிப்பு. அது அடங்கிய பிறகு, ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், யாரையும் பார்க்காமல் சொன்னாள். "அளக்குறவங்கள."

தோட்டத்தின் ஒரு பகுதியை வீடமைப்புக்கு விற்றிருந்தார்கள். நிலம் அளக்க வந்த குழு பல நாள் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்ததும் இவள் சைக்கிளோடு போய் அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொள்வாளாம். ஒரு நாள் அந்தக் குழுவில் இருந்த மலாய்க்காரப் பெண் கூப்பிட்டு, முக்காலியில் நின்ற கருவிக்குள் பார்க்கச் சொல்லியிருக்கிறாள்.

"தண்ணித் தொட்டி மேல ஒரு மைனா உக்காந்து றெக்கையக் கோதிக்கிட்டு இருந்துச்சிக்கா. ஒவ்வொரு எறகும் தெரிஞ்சிச்சி. அப்புறம் அந்த அக்கா ஒரு பட்டன அமுக்குனாங்க. அந்த மைனா எங்க இருந்து எவ்ளோ தூரம்னு நம்பர் வந்துச்சி. மைனாவுக்குத் தெரியாதுலா, தன்னை அளந்துட்டாங்கன்னு."

யாரும் சிரிக்கவில்லை. வெளியே பனி இன்னும் விலகவில்லை. எல்லாரும் அந்தப் பறவையைப் பார்த்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

நான் அவளுடைய பாடத் தேர்வுத் தாளை வாங்கிப் பார்த்தேன். பள்ளி கொடுத்தது, மறு வாரம் திங்கட்கிழமை பெற்றோர் கையெழுத்தோடு திரும்பப் போக வேண்டியது. இயற்பியலும் கூடுதல் கணிதமும் உள்ள தொகுப்பு காலியாக இருந்தது. கணக்கியலும் பொருளியலும் உள்ள தொகுப்புக்குப் பக்கத்தில் அழகாகக் குறி போட்டிருந்தாள். கணிதத்தில் அந்த வகுப்பிலேயே நல்ல மதிப்பெண் அவளுடையதுதான்.

"நிலம் அளக்கணும்னா இதை ஏன் எடுத்த?"

"வீட்டுல புக்கு இருக்குக்கா."

பக்கத்தில் இருந்த பிள்ளைகள் தலையாட்டினார்கள். அவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. எனக்கும்தான். தோட்டங்களில் பாடங்கள் வீட்டுக்கு வீடு நடந்து வருகின்றன. ஒரு குடும்பத்தில் மூத்த பெண் கணக்கியல் படித்தால், அவளுடைய பயிற்சி நூல்கள் பிளாஸ்டிக் உறை போட்டபடியே சித்தி மகளுக்குப் போகும், அங்கிருந்து மாமா மகளுக்கு. ஒரே லய வரிசையில் நாலு வீட்டுப் பிள்ளைகள் கணக்கியல் படித்தால், நாலு பேருக்கும் அது பிடித்தது என்று அர்த்தமில்லை. ஒரு கட்டுப் புத்தகம் அந்தப் பக்கமாக வந்தது என்று அர்த்தம்.

இவள் வீட்டில் விஷயம் இன்னும் இறுகியிருந்தது. பீடோங்கில் இருக்கும் பெரியம்மா சரஸ்வதி பூசை அன்று தன் மகளின் புத்தகங்களைத் தாம்பாளத்தில் வைத்து, பழம் வெற்றிலையோடு கொண்டுவந்திருக்கிறார். பூசையில் வைத்து, ஒவ்வொரு புத்தகத்துக்கும் சந்தனம் குங்குமம் இட்டு, இவள் கையில் கொடுத்திருக்கிறார். இவள் காலில் விழுந்து வாங்கியிருக்கிறாள்.

"அதுக்கப்புறம் வேணாம்னு எப்படிக்கா சொல்றது?" என்றாள்.

வகுப்பு முடிந்ததும் அவளோடு வீட்டுக்கு நடந்தேன். அவளுடைய அம்மா சுங்கைப் பட்டாணியில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்பவர், அன்று அவருக்கு விடுமுறை. நான் அவரை அக்கா என்றேன், அவருடைய மகள் என்னை அக்கா என்றாள். அந்த வீட்டில் யாரும் அதைக் குழப்பமாக நினைக்கவில்லை.

"பசியாறிட்டியாமா? உக்காரு. இவ ஏதாச்சும் வம்பு பண்ணாளா?"

விஷயத்தைச் சொன்னேன். இயற்பியல் இல்லாமல் போனால் நில அளவைக்கான கதவு முழுக்க அடைந்துவிடாது, ஆனால் சுற்றுப்பாதையில் போக வேண்டியிருக்கும், சில கல்லூரிகளில் விண்ணப்பத்தைக்கூடப் பார்க்கமாட்டார்கள் என்றேன். பிறகு, வரும் வழியில் மனத்துக்குள் போட்டு வைத்திருந்த பட்டியலை எடுத்தேன். மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி, கணிதம் எல்லாம் இரண்டு தொகுப்பிலும் உண்டு. பெரியம்மா கொடுத்த புத்தகங்களில் கணக்கியலும் பொருளியலும் மட்டும்தான் இவளுக்கு ஆகாது. மற்ற எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம். எனக்கு அது சுத்தமான தீர்வாகத் தோன்றியது.

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"முழுசா வேணாம்னாகூடப் பரவால்லமா. பாதிய எடுத்துக்கிட்டுப் பாதியத் திருப்பிக் குடுத்தா, தட்டுல வெச்ச சோத்தப் பொறுக்கித் தின்ன மாதிரி. எங்க அக்கா வாழ்நாள் முழுக்கச் சொல்லிக் காட்டும்."

"திருப்பிக் குடுக்க வேணாம். அலமாரியில இருக்கட்டும்."

"சரஸ்வதிக்கு வெச்ச புக்கு. படிக்காம அலமாரியில தூங்குனா நல்லதா?" சுவரில் சாய்ந்து நின்ற மகளைப் பார்த்தார். "ஏன்டி, கணக்கியல் படிச்சா ஆபீஸ்ல ஏர்கோன்ல உக்காரலாம். வெயில்ல குச்சி புடிச்சிக்கிட்டு நிக்கணும்னு உனக்கு என்ன விதி?"

"குச்சி இல்லம்மா. அது பேரு பிரிசம், அதைப் பாத்துத்தான் மெஷினு அளக்கும்."

"ஆமா, பெரிய பிரிசம்."

மகளுக்குக் கண்ணீர் வரவில்லை, ஆனால் வரப்போகும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். அதற்கு மேல் நான் தள்ளக்கூடாது என்று எனக்குத் தெரியும். வாசலில் செருப்பு மாட்டும்போது அக்கா கேட்டார்.

"அந்தப் பாரத்துல கையெழுத்துப் போட்டுக் குடுத்தப்புறம் மாத்த முடியாதா?"

"வகுப்பு பிரிச்சிட்டாங்கன்னா ரொம்பக் கஷ்டம் அக்கா. இடம் இருந்தாத்தான்."

அந்த வாரம் முழுவதும் மழை. தொழிற்சாலையில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மின்சுற்றுப் பலகைகள் ஒவ்வொன்றாகச் சோதனைக் கருவிக்குள் போய் வெளியே வந்துகொண்டிருந்தன. பச்சை விளக்கு எரிந்தால் ஒரு பக்கம், சிவப்பு எரிந்தால் இன்னொரு பக்கம். மதிய வெளிச்சம் சாம்பல் நிறமாக இருந்தது. நான் திரையைப் பார்த்தபடி வேறெங்கோ இருந்தேன். ஆள் உயரப் புல்லுக்குள் ஒரு பெண் முக்காலியைத் தோளில் சுமந்து நடக்கிறாள். அவளுக்கு முன்னால் நிலம் எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. எத்தனை முறை நான் அதைப் பார்த்தேனோ, அத்தனை முறையும் அவள் என்னைத் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த ஞாயிறு, நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மண்டபத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. அக்கா ஓட்டி வந்திருந்தார். பின்னால் பட்டுச் சேலையில் ஒரு பருத்த அம்மாள், மடியில் துணி மூடிய தாம்பாளம். அது பெரியம்மா என்று யாரும் சொல்லத் தேவையிருக்கவில்லை. ஜன்னல் ஓரத்துப் பெண் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தாள்.

"நீதான் அந்த இன்ஜினியரா?" என்றார் பெரியம்மா. "ஒல்லியா இருக்கியே."

அக்கா என் காதருகே சொன்னார். "மாத்துறது கஷ்டம்னு நீ சொன்னதுமே, போன வாரமே அக்காவுக்குப் போன் போட்டேன். நீ சொன்ன கணக்கு எதையும் சொல்லல. அழுதுட்டேன்."

"அழுதாளாம்," என்றார் பெரியம்மா, மண்டபத்துக்கே கேட்கும்படி. "மூக்க உறிஞ்சுற சத்தம்தான் கேட்டுச்சி. நான் சளின்னு நெனச்சிக் கசாயம் சொல்லிக்கிட்டு இருக்கேன். அப்புறம்தான் விஷயம் வருது." திரும்பித் தன் தங்கை மகளைப் பார்த்தார். "ஏன்டி, எம் மவ படிச்ச புக்கு உனக்கு ஆவலையா?"

"அப்படி இல்ல பெரியம்மா..."

"எப்படி இல்ல? நல்லா வருத்தமாத்தான் இருக்கு. பொய் சொல்ல மாட்டேன்." தாம்பாளத்தை மேசையில் வைத்தார். "சரி. குடுத்தத நான் திருப்பி வாங்கல. ஆனா என் கையால இன்னொருத்திக்குக் குடுக்கலாம். இவ அம்மா சொன்னா, இங்க யாரோ கணக்கியல் எடுக்கப் போறாளாம், புக்கு இல்லாம. யாரு அது?"

அப்படி ஒருத்தி இருந்தாள். பீடோங்கில் மளிகைக் கடை வைத்திருப்பவரின் மகள். அவளுக்குக் கணக்கியல் உண்மையாகவே ஆசை. ஜன்னல் ஓரத்துப் பெண் இதை வீட்டில் சொல்லி, அவளுடைய அம்மா அதைத் தன் அக்காவிடம் சொல்லியிருக்கிறார். எனக்குத்தான் கடைசியில் தெரிந்தது. மளிகைக் கடைப் பெண் திகைத்துப்போய் எழுந்து நின்றாள்.

பெரியம்மா துணியை விலக்கினார். இரண்டு கனத்த புத்தகங்கள், வாழைப்பழம், வெற்றிலை, சின்னக் கிண்ணத்தில் சந்தனம். பழைய சந்தனம் உறையில் காய்ந்து உதிர்ந்திருந்த இடத்தில் புதிதாக ஒரு பொட்டு வைத்தார். "எம் மவ மூள முழுக்க இதுக்குள்ளதான் இருக்கு. பாத்துப் பொரட்டு," என்று சொல்லிக் கொடுத்தார். அந்தப் பெண் காலில் விழுந்தாள். பெரியம்மா அவள் தலையில் கை வைத்த நேரம் கொஞ்சம் நீண்டதாக எனக்குத் தோன்றியது. டிக்டாக் பையன் போன் எடுத்தான். "வேணாம்டா, முடி கலைஞ்சிருக்கு," என்று பெரியம்மா அதட்டிவிட்டுச் சேலையைச் சரிசெய்துகொண்டார்.

மழை மெல்லப் பிடித்துக்கொண்டது. தகரக் கூரையில் அதன் சத்தம் கூடியபோது, மண்டபம் ஒரு பெரிய படகு போல மிதந்து எங்கோ போவதாக இருந்தது. அக்கா பாடத் தேர்வுத் தாளைப் பையிலிருந்து எடுத்தார். பழைய குறியின் மேல் மகள் ஒரு கோடு இழுத்திருந்தாள், மேலே இயற்பியல் தொகுப்புக்குப் பக்கத்தில் இன்னொரு குறி. கையெழுத்துக் கோடு இன்னும் காலியாக இருந்தது.

"இந்தப் பிசிக்ஸ்ல பெயிலாயிட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"ஆகலாம் அக்கா. கஷ்டமான பாடம்தான். ஆகாம இருக்க நான் சொல்லிக் குடுப்பேன். ஆனா ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன்."

அவர் தலையாட்டினார். அந்தப் பதிலால் சமாதானமானாரா, இன்னும் பயந்தாரா, என்னால் சொல்ல முடியவில்லை. பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு மகளிடம் திரும்பினார்.

"இந்த வேலைக்கு எங்கெங்க போவணும்?"

"எல்லா இடமும்மா. பெர்லிஸ், கிளந்தான், ஜொகூர்." கொஞ்சம் தயங்கினாள். "சபாகூட."

"சபாவா? அதுக்குப் பிளேன் ஏறணுமே."

"ஆமா."

"காட்டுக்குள்ளயா, டவுன்லயா?"

"ரெண்டுலயும்."

அக்கா பேனா மூடியைக் கழற்றினார். இந்த மோட்டாரையும் சுங்கைப் பட்டாணி பஸ்ஸையும் தவிர அதிகம் எதிலும் ஏறாதவர் என்று பெரியம்மா பிறகு சொன்னார்.

"ஜன்னல் சீட்டு கேட்டா குடுப்பாங்களா?" என்று கேட்டபடியே குனிந்து, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக எழுத ஆரம்பித்தார்.