தம்பி போட்ட முடிச்சு

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான். எழுத்து ஒழுங்காக வராது, நினைவும் முந்தியைப் போல இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

சண்டையில் இடம்பெயர்ந்து போய் எங்கள் ஊர் பேசாலைக்குத் திரும்பி வந்திருந்த காலம். தம்பியின் பெண்சாதி காய்ச்சலில் செத்துப்போனா. இரண்டும் பெண்பிள்ளைகள், சின்னதுகள். செத்த வீட்டுக்கு வந்த பெண்கள் பிள்ளைகளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். தம்பியைக் கட்டிப்பிடிக்க ஒருவரும் இல்லை. அவன் சவப்பெட்டிக்கும் பந்தலுக்கும் ஓடித்திரிந்தான்.

விடியப்புறம் கடலுக்குப் போனால் பிள்ளைகள் தனியே கிடக்க வேண்டும் என்று தொழிலை விட்டான். கரையில் இருந்து மற்றவர்களின் கிழிந்த வலைகளைப் பொத்தினான். சோறு காய்ச்சினான், உடுப்புத் தோய்த்தான், பிள்ளைகளுக்குத் தலையும் பின்னினான். பின்னல் நல்லாத்தான் இருந்தது. ரிபனுக்குத்தான் வலை முடிச்சுப் போட்டுவிட்டான், இழுக்க இழுக்க இறுகுகிற முடிச்சு. பள்ளிக்கூடத்தில் மூத்தவளுக்குப் பேன் பார்க்க அவிழ்க்கப்போன ரீச்சர் ஏலாமல் கத்தரிக்கோலால் வெட்டினாவாம். ஊரெல்லாம் அதே கதை.

எங்கள் மாதர் சங்கத்திலும் அதே கதை. பட்டணத்தில் இருந்து ஒரு அம்மா வந்து, பிள்ளை வளர்ப்பதும் அடுப்பும் பெண்களுக்கு மட்டும் உரிய வேலை இல்லை என்று அங்கே சொல்லித் தந்திருந்தா. நாங்களும் கைதட்டியிருந்தோம்.

"பொம்பிளையில்லாத வீட்டில பொம்பிளைப் பிள்ளையளை விடேலாது. சிஸ்டர்மாரின்ர விடுதியில சேர்ப்பம்" என்றா சங்கத் தலைவி.

"அவர் பின்னுறது தலையோ, திருக்கை வலையோ?" என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்தார்கள்.

தம்பி வாசலில் நின்றான். பெண்களின் கூட்டம் என்பதால் உள்ளே வரவில்லை. "என்ர பிள்ளையளை எடுக்காதேங்கோ. முடிச்சை மாத்திப் போடப் பழகுறன்" என்றான்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. ஆம்பிளை தனிய வளர்த்த பிள்ளையெண்டால் நாளைக்கு ஆர் கலியாணம் கேட்டு வருவினம்?" என்றா தலைவி.

"புருசன் செத்தவளிட்ட இருந்து நாங்கள் பிள்ளையளைப் பறிக்கிறமோ?" என்று நான் கேட்டேன்.

தலைவி கொஞ்சம் யோசித்தா. "அப்ப நீங்கள் போய் அந்த வீட்டில இருங்கோவன் அக்கா. ஒரு பொம்பிளை இருந்தாப் போதும்" என்றா. எல்லாருக்கும் அது சரியாகப் பட்டது. எனக்கு ஏலுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. என் மனுசனும் செத்துப்போய், மகளையும் தோட்டவெளி ஊரில் கட்டிக்கொடுத்து, அப்போதுதான் மத்தியானத்தில் கொஞ்சம் பாயில் சரியத் தொடங்கியிருந்தேன்.

"நீ வரவேண்டாம் அக்கா, நான் பாக்கிறன்" என்றான் தம்பி.

"நீ பாப்பாய். இவையள் விடமாட்டினம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு போனேன்.

பிள்ளைகள் தகப்பனோடு இருந்தார்கள். நான் சும்மா இருக்கத்தான் போனது. ஆனால் அடுப்பு மெல்ல மெல்ல என் பக்கம் வந்துவிட்டது, தம்பியும் திரும்பக் கடலுக்குப் போனான். தலை பின்னுவதை மட்டும் அவன் விடவில்லை; கடலால் வந்து, உப்புக் கையைக் கழுவிவிட்டுப் பின்னுவான். சின்னவளும் கலியாணம் முடித்துப் போகும்வரை நான் அங்கேதான்.

பெண்ணுரிமை பேசுகிறவர்கள் ஆண்களின் குறையையும் பார்க்கிறார்களா என்று இப்போது பேத்திமார் வாதாடுகிறார்கள். எனக்கு விடை தெரியாது. என் மனுசன் அடித்த காலத்தில் அந்தச் சங்கத்துப் பெண்கள்தான் வந்து எனக்காக முற்றத்தில் நின்றார்கள், அதை மறக்க மாட்டேன். அதே பெண்கள்தான் தம்பியும் பெற்ற தகப்பன்தான் என்று எண்ணாமல், என்னைக் கேட்காமலே தாயாக்கினார்கள். அதற்கு மேல் யோசிக்க அலுப்பாக இருக்கிறது.

அன்று அங்கே இருந்தவர்கள் ஆராவது இதை வாசித்தால் ஒன்றைச் சரிபார்த்துச் சொல்லுங்கோ. கூட்டங்களில் நான் வாய் திறந்தவள் இல்லை. பிள்ளைகளைப் பறிக்கிறோமா என்ற அந்தக் கேள்வியைக் கேட்டது நானா, வாசலில் நின்ற தம்பியா? நான் கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.