சாவி கூரியரில் வரும்

என் அக்கா வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். ஓட்டும்போது யாரோடும் பேசக்கூடாது என்பதால், வண்டியை விட்டு இறங்கியதும் அத்தனையையும் சேர்த்துப் பேசித் தீர்ப்பார். காய்கறி வாங்கப் போனால் கடைக்காரருடைய மருமகளின் சொந்தக்காரர்கள் வரை விசாரித்துவிட்டு வருவார். வாங்கப் போன தக்காளியை மறந்திருப்பார். 'ரேடியோ அத்தான்' என்று நான் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அவரே போனில் "ரேடியோ பேசுறேன்" என்றுதான் ஆரம்பிப்பார்.

குடியிருந்த வீட்டை விற்கப்போவதாக உரிமையாளர் சொன்னபோது அக்கா மாசமாக இருந்தாள். தெருத் தெருவாக அலைய முடியாததால் போனிலேயே வீடு தேடினாள். அப்படித்தான் அந்த வீடு கண்ணில் பட்டது. நீல ஓடு பதித்த சமையலறை, அகலமான ஜன்னல், வாடகையோ மற்ற வீடுகளுக்குக் கேட்டதில் பாதி. கூப்பிட்டால் ஒருவர் தேன் ஒழுகப் பேசினார். வேலை விஷயமாக வெளிநாட்டில் இருக்கிறாராம். அட்வான்ஸை அனுப்பிவிட்டால் சாவி கூரியரில் வந்துவிடுமாம்.

"இன்னும் நிறைய பேர் கேட்டுட்டு இருக்காங்களாம். இன்னைக்கே அனுப்பிடுங்க," என்றாள் அக்கா. மனசுக்குள் அவள் அங்கே குடியேறி, அடுக்களைச் சாமான்களை எல்லாம் அடுக்கியும் முடித்திருந்தாள்.

"அனுப்பலாம். ஆனா பக்கத்து வீட்டுக்காரங்க எப்படின்னு பாக்க வேண்டாமா? அங்க போய் நான் யார்கிட்ட பேசுறது?"

"உங்க பேச்சாலேயே இந்த வீடும் கைநழுவப் போகுது."

அக்கா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும் கிளம்பினாள். நானும் கூடப் போனேன்.

அந்த வீட்டு வாசலில் ஒரு அம்மா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். அத்தான் வெயிலில் ஆரம்பித்து, துணி கிளிப்பின் தரத்துக்குப் போய், ஒருவழியாக விஷயத்துக்கு வந்தார். "இந்த வீட்டுக்கு வாடகைக்கு வரலாம்னு இருக்கோம்."

அந்த அம்மா வாளியைக் கீழே வைத்தார். "நீங்களுமா? இது என் வீடுப்பா. நான் எங்கயும் போகலையே."

போன வருடம் வீட்டை விற்க நினைத்து அவர் இணையத்தில் போட்ட படங்களை எவனோ எடுத்து, வாடகைக்கு என்று போட்டிருக்கிறான். புகார் கொடுத்தும், வேறு வேறு நம்பரில் முளைத்துக்கொண்டே இருக்கிறானாம்.

பணம் போகவில்லைதான். ஆனாலும் அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா அவள் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய், படத்தில் பார்த்த அதே சமையலறை ஜன்னலருகே நாற்காலி போட்டு உட்காரவைத்தார். "படத்துல தெரியாதும்மா. மழை பெஞ்சா இந்த ஜன்னல் ஒழுகும்," என்றார் ஆறுதலாக. அக்கா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தாள்.

அத்தான் அந்த ஆளுக்குப் போன் போட்டார். "சார், ரேடியோ பேசுறேன். உங்க வீட்டு சமையக்கட்டுலதான் உட்கார்ந்திருக்கோம். வீட்டம்மாவும் இருக்காங்க. குடுக்கட்டுமா?"

இணைப்பு போய்விட்டது. அத்தானிடம் இவ்வளவு சீக்கிரம் பேச்சை முடித்துக்கொண்டவன் உலகத்தில் அந்த ஆள் ஒருவன்தான்.

நாங்கள் கிளம்பும்போது சாமான் ஏற்றிய வண்டி ஒன்று வாசலில் வந்து நின்றது. புதிதாகக் கல்யாணமான ஜோடி. பணத்தை அனுப்பிவிட்டு, இருந்த வீட்டையும் காலி செய்துவிட்டு வந்திருந்தார்கள். சாவி இன்னும் வரவில்லை, வீட்டில் யாராவது இருப்பார்களா என்று கேட்டான் கணவன். விஷயம் தெரிந்ததும் அந்தப் பெண் வண்டியை விட்டு இறங்கவே இல்லை.

அத்தானுக்குப் பேச்சே வரவில்லை. அக்காதான் வண்டியருகே போனாள். "எங்க வீட்டு ஹால் சும்மாதான் கிடக்கு. வேற வீடு கிடைக்கிற வரைக்கும் அங்க இருங்க. வண்டியைத் திருப்பச் சொல்லும்மா."

அத்தான் அந்தக் கணவனைக் காவல் நிலையத்துக்கு அழைத்துப்போய்ப் புகார் கொடுக்கவைத்தார். பணம் திரும்பக் கிடைக்கவில்லை. அதன்பிறகு இரண்டு குடும்பமும் சேர்ந்தே வீடு தேடியது. கடைசியில் மேலும் கீழுமாக இரண்டு வீடு உள்ள கட்டடம் அமைந்தது. அத்தான் உரிமையாளரை நேரில் பார்த்து, வரி ரசீதை வாங்கிப் பார்த்து, எதிர்வீட்டிலும் பக்கத்துக் கடையிலும் விசாரித்து, ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகுதான் அட்வான்ஸைக் கொடுத்தார்.

"எனக்குப் பொண்ணு குடுத்தவர்கூட இவ்வளவு கேக்கலங்க," என்றார் உரிமையாளர்.

கீழ்வீட்டுக்குக் குடிபோன பிறகு அக்காவுக்குப் பெண் பிறந்தது. குழந்தை முதன்முதலாக வாய்விட்டுச் சிரித்தது மாடிக்குக் குடிவந்த அந்தப் புதுப்பெண்ணைப் பார்த்துத்தான். அத்தானுக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல். "நாள் பூரா இவகிட்ட பேசுறது நான்," என்று வருகிறவர்களிடம் எல்லாம் முறையிட்டுக்கொண்டிருக்கிறார்.