மஞ்சள் மீன்களை வாரிப்போட்ட பிறகு

குளத்து மீன்கள் தண்ணீரில் ஊன்றிய மூங்கில் கழியில் உடம்பைத் தேய்ப்பதை முதலில் பார்த்தபோது, விளையாடுகின்றன என்றுதான் நினைத்தேன். மூன்றாம் நாள், தேய்த்த இடத்தில் செதில் உதிர்ந்து மிதந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

குளம் என் மனைவியின் அண்ணனுடையது. சீர்காழிக்குக் கிழக்கே, உப்புத் தண்ணீர் ஏறி நெல் வராமல் போன கடைமடை நிலம். அவர் கத்தாரில் வேலை பார்க்கிறார். அங்கே கூட இருக்கும் மலையாளிகள் கரிமீன் கரிமீன் என்று உயிரை விடுவார்களாம். அதைக் கேட்டுக் கேட்டு, நிலத்தை வெட்டிக் குளமாக்கி, உள்ளங்கை அகலத்தில் தாய் மீன்களை வாங்கி விட்டார். அவை பொரிக்கும் குஞ்சுகளை மற்றக் குளக்காரர்களுக்குக் கொடுத்துப் பிழைத்துக்கொண்டு, இனி ஊரோடு இருந்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். நான் ஐந்தாவது வரை படித்தவன். மீனைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றேன். வயலில் நின்றவருக்குத் தண்ணீரில் நிற்க வராதா என்று சிரித்தார்.

நான் செய்த தப்பே வயலில் நின்ற பழக்கத்தால் வந்ததுதான். வாய்க்கால் தண்ணீரோடு மஞ்சள் நிறத்தில் சின்ன மீன்கள் குளத்துக்குள் வந்திருந்தன. கரிமீன் ஓட்டிலும் செங்கல்லிலும் முட்டையை ஒட்டிவைத்து, ஆணும் பெண்ணும் மாறி மாறிக் காவல் இருக்கும். ஒருநாள் அப்படி ஒட்டியிருந்த முட்டையை ஒரு மஞ்சள் மீன் கொத்தித் தின்றதைக் கண்ணால் பார்த்தேன். வேறு சில, பெரிய மீன்களின் துடுப்பையே கொத்திக்கொண்டிருந்தன. நட்ட வயலில் கோரையைக் கண்டால் கை தானாகப் போகும். அப்படித்தான் போயிற்று. பழைய கொசுவலையைக் கழியில் கட்டி, பத்து நாளில் அத்தனையையும் வாரி வாத்துகளுக்குப் போட்டேன். குளத்தைப் படம் எடுத்து அனுப்பினேன்.

“சூப்பர் மாப்ள! கண்ணாடியாட்டம் வச்சிருக்கீங்க” என்று மச்சான் போனில் குரல் பதிவு அனுப்பினார். அதை நாலைந்து தடவை கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் தேய்ப்பு தொடங்கியது. துடுப்பு ஓரங்களில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாகப் படர்ந்தது. ஒன்று செத்து மிதந்தது. கரையில் குழி தோண்டிப் புதைத்தேன். மச்சானிடம் சொல்லவில்லை. மறுநாள் இரண்டு.

மருந்து கேட்கலாம் என்று சீர்காழியில் தீவனக் கடைக்குப் போனேன். கடையில் கூட்டம். என் முறை வந்ததும் கடைக்காரர், “உங்களுக்கு என்னங்க?” என்றார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். என்ன நோய், எப்படி வந்தது என்று கேட்பாரே, அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது என்று நினைத்தேன். “தவிடு ரெண்டு கிலோ” என்றேன்.

தவிட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போதுதான் அது உறைத்தது. மஞ்சள் மீன் கொத்தியபோது அந்தப் பெரிய மீன் ஓடவில்லை. தலையைத் தாழ்த்தி, துடுப்பை விரித்து, அசையாமல் நின்றது. கடிபட்ட எந்த உயிராவது அப்படி நின்று கொடுக்குமா? மாடு கழுத்தை நீட்டிக்கொண்டு நிற்க, காக்கை உண்ணி பொறுக்குவதைத் தினமும் பார்க்கிற எனக்கு இது ஏன் தெரியாமல் போயிற்று?

வடிகாலில் கையால் துழாவி மீன் பிடித்து, ரோட்டோரத்தில் கூறு வைத்து விற்கிற ஒரு அம்மா உண்டு. என் வயதுதான் இருக்கும். அவரிடம் போய் நின்றேன்.

“மஞ்சக் கலர்ல பொடி மீன் வேணும். சின்னதா. உயிரோட.”

“உயிரோடயா? கொழம்புல நீச்சல் வுடப் போறீங்களாண்ணே?”

பக்கத்தில் கீரை விற்றவர் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. ஆனாலும் நகரவில்லை.

“கொளத்துல வுட.”

“போன மாசம் வாத்துக்கு அள்ளி அள்ளிப் போட்டீங்களே, அதையா? ஊர்ல எல்லாருந்தான் பாத்தோம். நல்லா வெவசாயம் பண்றீங்க போங்க!” என்றவர், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “நாளைக்கி வாளி கொண்டாங்க. செத்தா நா பொறுப்பில்ல.”

வாளியில் முப்பது நாற்பது கிடைத்தன. நேராகக் குளத்தில் விடப் பயமாக இருந்தது. சிமெண்டுத் தொட்டியில் குளத்துத் தண்ணீரை நிரப்பி, வெள்ளை படர்ந்த கரிமீன் ஒன்றையும் மஞ்சள் குட்டிகள் ஆறையும் விட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். காலை முழுவதும் அவை மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. உச்சிவேளையில் ஒரு குட்டி மெல்லக் கிட்டே வந்தது. கரிமீன் சாய்ந்து, வால் துடுப்பை விரித்தது. குட்டி அந்த வெள்ளையைக் கொத்தித் துப்பியது, மறுபடி கொத்தியது. இன்னொன்றும் வந்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். நானோ கரையில் தோண்டிய குழிகளைத் திரும்பிப் பார்த்தேன். அப்படியானால் செத்ததெல்லாம் என்னால் செத்தது.

மஞ்சளில் பெரியவைதான் முட்டையில் அதிகம் வாய் வைக்கும் என்று எனக்குத் தோன்றியது. நிச்சயமாகத் தெரியாது. பெரியவற்றைக் கழித்துவிட்டு, விரல்கடை நீளத்துக்குட்பட்டவற்றை மட்டும் குளத்தில் விட்டேன்.

“ஏங்க, இன்னிக்காவது அண்ணன்ட்ட சொல்லிடுங்க” என்றாள் மனைவி.

“ஆறட்டும், சொல்றேன்.”

“ஆறாட்டி? அண்ணன் வேலய வுடப் போறேன்னு சொல்லிட்டு இருக்கு. எழுதிக் குடுத்துட்டா அப்பறம் யாரு போயி திருப்பி வாங்குறது?”

அவளே போனில் அண்ணன் நம்பரை அழுத்தி என் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் சொன்னேன். வாரிப்போட்டது, புதைத்தது, தவிடு வாங்கியது எல்லாவற்றையும். இவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை.

“எத்தன போச்சு மாப்ள?”

“பதினொண்ணு.”

“மிச்சம்?”

“பாதிக்கு மேல இருக்கு. அதுலயும் சிலதுக்கு வெள்ள இருக்கு மச்சான்.”

“நாளைக்கிக் காலைல எழுதிக் குடுக்கறதா இருந்தேன். பேப்பர் பையிலதான் இருக்கு.”

நான் போனை மறு காதுக்கு மாற்றினேன்.

“செத்ததுக்குக் கோவமில்ல. கண்ணாடியாட்டம் இருக்குன்னு நா சொன்னத நம்பிக்கிட்டு இங்க கெடந்தேன் பாருங்க, அதான்...” நிறுத்தினார். “பேப்பர இப்ப குடுக்கல. ஒரு மாசம் பாப்போம். தெனமும் காலைல கூப்புட்டு, உள்ளத உள்ளபடி சொல்லணும். படம் வேணாம். வாயால சொல்லணும்.”

இன்றோடு ஒன்பது நாள். விடிந்ததும் கரையைச் சுற்றி வந்துவிட்டுக் கூப்பிடுகிறேன். நாலு நாளாகச் சாவு இல்லை என்று சொன்னேன். தேய்ப்பு குறைந்திருக்கிறது என்றேன். இன்று, வடக்கு மூலை ஓட்டில் ஒரு ஜோடி புதிதாக முட்டை வைத்திருக்கிறது, ஒரு முழத் தூரத்தில் மஞ்சள் குட்டிகள் சுற்றுகின்றன என்றேன்.

“அந்தக் குட்டிகள எடுத்துருவீங்களா?” என்று கேட்டார்.

“தெரியல மச்சான்” என்றேன்.

“எனக்குந் தெரியல” என்றார்.

போனைக் காதில் வைத்தபடியே வடக்கு மூலைக்குப் போய், குட்டிகள் எங்கே நிற்கின்றன என்று பார்த்துப் பார்த்துச் சொன்னேன்.