சோப்பாக் என்றொரு சொல்

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நடந்தது இது. அப்போது பினாங்கில், டத்தோ கிராமாட்டில் குடியிருந்தோம். என் கணவருக்கு வலது புறங்கையில் ஆறாத புண் ஒன்று. பரிசோதித்துப் பார்த்துத் தோல் புற்றுநோய் என்றார்கள். ஆரம்ப நிலைதான், தடவுகிற மருந்திலேயே சரியாகிவிடும் என்று டாக்டர் ஒரு க்ரீம் கொடுத்தார். சொன்னபடியே புண் மறைந்தது. பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன்.

ஆனால் புண் இருந்த இடம் வெளுத்தது. பிறகு மருந்தே படாத விரல்களும் இடது கையும் வெளுத்தன. மருந்து உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிட்டதில், அது தன் சொந்த நிறத்தையே எதிரியாக நினைத்துவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் விளக்கினார். ஊர் வாயை யார் மூடுவது? "வெண்குஷ்டமாம்" என்றார்கள். கோயில் அன்னதானத்தில் வருஷக்கணக்காகச் சாம்பார் ஊற்றிய என் கணவர், வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்துவிட்டார்.

ரோட்டைக் கடக்கும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வது அவர் வழக்கம். அதுவும் நின்றது. கைகள் பாக்கெட்டுக்குள் போய்விட்டன. நானாகப் பிடிக்கப் போனாலும், "வேணாம் லா, உனக்கும் வந்துட்டா?" என்று விலகுவார். பக்கத்திலேயே நடக்கிற மனிதருக்காக ஏங்குவது பெரிய கொடுமை.

ஒருநாள் ஆயர் ஈத்தாம் பசாரில், மலாய்க்கார அம்மா ஒருவரிடம் பலகாரம் வாங்கினோம். பொட்டலத்தை மேசையில் வைக்கும்படி இவர் தலையசைத்தார். அந்த அம்மா விடவில்லை. இவர் கையைப் பாக்கெட்டிலிருந்து வெளியே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சோப்பாக்தானே, இதைப் போய் ஏன் ஒளிச்சு வைக்கிறே?" என்று மலாயில் கேட்டுவிட்டு, பொட்டலத்தை அந்த உள்ளங்கையிலேயே வைத்து மூடினார்.

நடக்கிற வழியெல்லாம் இவர் அந்தச் சொல்லையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார்.

"அவங்க சொல்ற பேர்ல குஷ்டமே இல்ல, பாத்தியா?" என்றார்.

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பஸ் ஸ்டாப்புக்கு ரோட்டைக் கடக்க நின்றோம். என் மணிக்கட்டில் அவர் கை வந்து உட்கார்ந்தது. அசைத்தால் எடுத்துவிடுவாரோ என்று பயந்து, கையை அப்படியே வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேன்.

அவர் போய்ப் பல வருஷமாகிவிட்டது. அந்த அம்மாவையும் பிறகு பார்க்கவில்லை. ரோட்டோரம் நிற்கும்போதெல்லாம் என் மணிக்கட்டு இன்னும் அந்த வெள்ளை விரல்களைத் தேடுகிறது.